ஈசிஆர்ல சின்னப் பசங்க கையில பெரிய வண்டி

ஆசிரியர் சாருக்கு வணக்கம். எங்க பொண்ணுக்கு இப்பதான் 18 முடிஞ்சுது, எல்எல்ஆர் எடுத்து எல் போர்டு ஒட்டி எங்க ஃபோர் வீல் டிரைவ் (நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் பவர் போற) வண்டிய விடியகாலைல வேளச்சேரி உள்தெருவுல கத்துக்குடுக்கறேன், பானெட் ரொம்ப உயரம், முன்னாடி குட்டிப் பசங்க நின்னா சீட்லேர்ந்து தெரியவே தெரியாது, அதனால முதல் நாள் ஸ்டார்ட்டே பண்ண விடல, வண்டிய சுத்தி நடந்து பாக்க வச்சேன். எங்க வண்டிய காஞ்ச ரோட்டுல ரெண்டு சக்கரத்துக்கு மட்டும் பவர் போற டூ வீல் மோடுலதான் ஓட்டணும், ஃபோர் வீல் போட்டு திருப்பினா சக்கரத்த ஓட்டற பாகமெல்லாம் இறுகிக்கும், அதையும் சொன்னேன். ஆனா போன ஞாயிறு ஈசிஆர்ல மீசை கூட முளைக்காத பையன் இதே சைஸ் வண்டிய ஓட்டறான், அப்பா பக்கத்துல உக்காந்து வீடியோ எடுக்கறார், பதறிப்போச்சு சார். 2019 மோட்டார் வாகன சட்டத் திருத்தப்படி 18 வயசு ஆகாத பசங்க வண்டி ஓட்டினா பெத்தவங்களுக்கு 25,000 ரூபா அபராதம், 3 வருஷம் வரை ஜெயில். ஞாயித்துக்கிழமை காலைல அங்க போலீஸ் செக்கிங் கண்டிப்பா வேணும்.

இப்படிக்கு,
ஒரு அம்மா, வேளச்சேரி