மில்லிங் இயந்திரம் ஓடுகிறது, உங்கள் எல்லோருக்கும் நன்றி

வணக்கம்.

வீட்டில் வைத்திருக்கும் சின்ன சி.என்.சி. மில்லிங் இயந்திரத்துக்கு (கணினி சொல்கிறபடி மரத்தையும் உலோகத்தையும் செதுக்கும் இயந்திரம்) எந்தக் கட்டுப்பாட்டு மென்பொருள் நல்லது என்று இந்தக் குழுவில் நான் கேட்டபோது ஒரு பெயரைத்தான் எதிர்பார்த்தேன். "ஸ்டெப் பல்ஸ் எங்கே உருவாகிறது, முதலில் அதைப் பாருங்கள்" என்று மூத்தவர் ஒருவர் பதில் எழுதினார். ஐயா, அந்த ஒரு வரிக்கே தனியாக ஒரு கும்பிடு. பொத்தான்களும் திரையும் எப்படி இருக்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது: மோட்டாரை ஒவ்வோர் அடியாக நகர்த்தும் மின்துடிப்புதான் ஸ்டெப் பல்ஸ், அதை எது தருகிறது என்பதில்தான் வித்தியாசம். ஜிஆர்பிஎல் என்ற மென்பொருளைப் போட்டால் பல்ஸை அர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகை கணக்கிடுகிறது, கணினி வெறுமனே ஜி-கோடை (எங்கே எப்படி நகர வேண்டும் என்ற கட்டளைகளை) வரிவரியாக அனுப்புகிறது. லினக்ஸில் ஓடும் லினக்ஸ்சிஎன்சியில் பேரலல் போர்ட் (பழைய கணினிகளில் பிரிண்டர் மாட்டும் இணைப்பு) வழியாக ஓட்டினால் கணினியே மைக்ரோசெகண்டு கணக்கில் நேரம் தவறாமல் பல்ஸ் தர வேண்டும். மாக் 3 என்ற விண்டோஸ் மென்பொருளின் பேரலல் போர்ட் டிரைவரும் அதே வகைதான், ஆனால் அது 32 பிட் விண்டோஸில் மட்டுமே வேலை செய்யும்.

அடுத்து, என் கணக்கைத் திருத்திக் கொடுத்த தம்பிக்கு. அப்போது ஜிஆர்பிஎல்லில்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். மோட்டார் டிரைவரில் மைக்ரோஸ்டெப்பை, அதாவது மோட்டாரின் ஒரு ஸ்டெப்பை எத்தனை துண்டாகப் பிரிப்பது என்பதை, 32-இல் வைத்திருந்தேன், அதிகம் வைத்தால் துல்லியம் கூடும் என்ற நினைப்பில். ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப் மோட்டார், ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும் லீட் ஸ்க்ரூ, ஆக ஒரு மில்லிமீட்டருக்கு 1280 பல்ஸ். அர்டுயினோ யூனோவில் ஜிஆர்பிஎல் நொடிக்கு ஏறத்தாழ 30,000 பல்ஸ்தான் தரும், எனவே நிமிடத்துக்கு 1400 மி.மீ. தாண்டினாலே வரம்பு வந்துவிடுகிறது, நான் கேட்டுக்கொண்டிருந்ததோ 2500! மைக்ரோஸ்டெப்பை 8-க்கு இறக்கச் சொன்னீர்கள். 320 பல்ஸ், 2500-க்கு நொடிக்கு 13,300 சொச்சம், இடம் தாராளம். ஒரு பல்ஸுக்கு 0.003 மி.மீ. என்பது என் இயந்திரத்தின் விறைப்புக்கு மேலேயே போதும்.

நீண்ட வேலைகள் பாதியில் நின்றதற்கு மென்பொருளைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். "வேக்குவம் கிளீனரைப் போடும்போது நிற்கிறதா?" என்று ஓர் அக்கா கேட்டார். ஆமாம், சரியாக அப்போதுதான் நிற்கும். மின் இரைச்சலில் யூஎஸ்பி தொடர்பு அறுந்துகொண்டிருந்தது. ஷீல்டு உள்ள குட்டையான கேபிள், ஸ்பிண்டில் (வெட்டும் டூலைச் சுழற்றும் மோட்டார்) ஒயரிலிருந்து தள்ளி வைத்தது, தரை இணைப்பை ஒரே இடத்தில் சேர்த்தது, இவ்வளவுதான் செய்தேன், நின்றுபோவது நின்றது. அக்கா, நீங்கள் கேட்காமல் இருந்திருந்தால் மூன்று மென்பொருள் மாற்றியும் அதே கேபிளோடு உட்கார்ந்திருப்பேன்.

இத்தனைக்கும் பிறகு ஜிஆர்பிஎல்லே போதுமே என்று சிலர் சொன்னீர்கள். மரத்தில் வடிவம் செதுக்கவும் பலகை அறுக்கவும் அது தாராளமாகப் போதும், 2 கே.பி. ராம் உள்ள சிப்பில் 2009-இல் சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் தொடங்கிய வேலை இன்றும் எத்தனையோ மேசைகளில் ஓடுகிறது என்பதே எனக்கு வியப்பு. ஆனால் நான் செய்வது அலுமினியப் பாகங்கள். டூல் மாற்றும்போது ஒவ்வொன்றின் நீளமும் அட்டவணையில் இருக்க வேண்டும், டூலின் விட்டத்துக்கு ஏற்பப் பாதையைத் தள்ளிவைக்கும் ஜி41, ஜி42 கட்டளைகள் வேண்டும், துளைபோட ஜி81, ஜி83 வேண்டும். யூனோவில் ஓடும் ஜிஆர்பிஎல்லில் இவை இல்லை. ஆகவே லினக்ஸ்சிஎன்சி.

கணினி நேரம் தவறாமல் பல்ஸ் தருமா, எவ்வளவு தாமதிக்கிறது என்று பார்க்கும் லேட்டன்சி சோதனையில் என்னோடு பொறுமையாக இருந்தவர்களை மறக்க மாட்டேன். லேப்டாப்பில் 1,40,000 நானோசெகண்டு காட்டியது, இது வேண்டவே வேண்டாம் என்றீர்கள். சும்மா கிடந்த பழைய டெஸ்க்டாப்பை எடுத்து, பயாஸில் மின்சேமிப்பு அமைப்புகளை அணைத்து, பெரிய கோப்புகளைக் காப்பி செய்துகொண்டும் ஜன்னல்களை இழுத்துக்கொண்டும் பல மணி நேரம் ஓடவிட்டதில் 18,000-ஐத் தாண்டவில்லை. லினக்ஸ்சிஎன்சியை அமைக்க உதவும் ஸ்டெப்கான்ஃப் விசார்டில் மற்றதெல்லாம் ஒரு மாலையில் முடிந்தது.

அப்புறம் அந்தச் சிவப்பு அவசர நிறுத்தப் பொத்தான். அதை மென்பொருளுக்கு ஓர் உள்ளீடாக மட்டும் கொடுக்க இருந்தேன். டிரைவருக்கும் ஸ்பிண்டிலுக்கும் போகும் மின்சாரத்தையே அது நேரடியாக வெட்ட வேண்டும், கணினி உறைந்துபோனாலும் வேலை செய்ய வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னவருக்கு என் விரல்கள் பத்தும் கடன்பட்டிருக்கின்றன.

அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் பிறந்த, லினக்ஸ்சிஎன்சிக்கு மூலமான ஈ.எம்.சி. நிரலைப் பொதுச் சொத்தாக வாங்கி, இத்தனை ஆண்டுகளாக வளர்த்துவரும் முகம் தெரியாத தன்னார்வலர்களுக்கும் நன்றி.

நேற்று 608 பேரிங்குக்கு 22 மி.மீ. குழி எடுத்தேன். இம்மி அளவு இறுக்கம், பேரிங் உள்ளே போகவில்லை. முன்பென்றால் வரைபடத்திலிருந்து ஜி-கோடு எடுத்துத் தரும் கேம் மென்பொருளுக்குத் திரும்பிப் போய் அந்த ஜி-கோடையே புதிதாக எடுக்க வேண்டும். இப்போது டூல் அட்டவணையில் விட்டத்தை 6.00-இலிருந்து 5.96 ஆக்கி, அதே கோப்பை மறுபடி ஓட்டினேன், பேரிங் கட்டைவிரல் அழுத்தத்தில் உட்கார்ந்துவிட்டது.

லினக்ஸ்சிஎன்சிக்கான என் அமைப்புக் கோப்புகளுக்கு (ஐ.என்.ஐ., ஹால்) தமிழில் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன், யாருக்கு வேண்டுமோ கேளுங்கள், அனுப்புகிறேன். யூனோ பலகையும் நன்றாகத்தான் இருக்கிறது, புதிதாகத் தொடங்குகிறவர் யாராவது இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.