நீல வெளிச்சத்தில் எடுத்த படம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்ப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். 11 வருடமாகத் தொட்டி வைத்திருக்கிறேன். இந்த விஷயத்தை யாராவது பொறுமையாக எழுத மாட்டார்களா என்று ஏங்கியதுண்டு. தொட்டியில் மீனுக்கு நஞ்சான அம்மோனியா நைட்ரைட்டாக மாறி, நைட்ரைட் நைட்ரேட்டாக மாறும் வரைக்கும், அதாவது முதல் 4-6 வாரங்களுக்கு, மீனே விடக் கூடாது என்று கட்டுரையாளர் அழுத்திச் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு பத்திக்கே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் கட்டுரையோடு வந்த முழுப்பக்கப் படம் மனதை உறுத்துகிறது. தொட்டி முழுக்க ஊதா கலந்த நீலம். நடுவில் பவளங்கள் பச்சையும் ஆரஞ்சுமாகத் தணல் போல் கனல்கின்றன. அந்தத் தொட்டியின் முன்னால் போய் நின்றால் நம் கண்ணுக்கு இப்படித் தெரியாது. பல பவளங்களின் சதையில் ஒளிரும் புரதங்கள் இருக்கின்றன. அவை நீல ஒளியை வாங்கிக்கொண்டு பச்சையாகவும் சிவப்பாகவும் திருப்பி விடும். வெள்ளை விளக்கை அணைத்து நீல எல்.இ.டி.யை மட்டும் எரியவிட்டால் அந்த ஒளிர்வு தூக்கலாகத் தெரியும், அது உண்மைதான். கேமரா அதை இன்னும் பல மடங்காக்கிவிடுகிறது. அத்தனை நீலத்தை அதன் சென்சாரால் பிடிக்க முடியாமல் நீலம் ஒரே திட்டாக நிரம்பிவிடும். அதற்கு மேல் ஒரு விரல் இழுப்பில் வண்ணத்தைக் கூட்டிவிடுகிறார்கள்.

அதனால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படிப்பட்ட படத்தைப் பார்த்துத்தான் முதல் பவளத்தை வாங்கினார். வீட்டுக்கு வந்து வெள்ளை வெளிச்சத்தில் பார்த்தால் அது பழுப்பாக இருந்தது. சாகப்போகிறது என்று பயந்து, விளக்குக்குப் பக்கத்தில், பாறையின் உச்சியில் கொண்டுபோய் வைத்துவிட்டார். உண்மையில் அந்தப் பழுப்பு, பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசியின் நிறம். பவளத்துக்கு வேண்டிய உணவில் பெரும்பங்கைச் சமைத்துக் கொடுப்பதே அந்தப் பாசிதான். திடீரென்று கூடிய வெளிச்சத்தில் பாசி வெளியேறி, சில நாட்களிலேயே பவளம் எலும்பு போல் வெளுத்துவிட்டது. நல்ல ஆரோக்கியமாக இருந்த உயிர் அது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

நானும் படம் எடுக்கிறவன்தான். வாரத்துக்கு ஒருமுறை, அதே இடத்தில் முக்காலியை வைத்து, அதே நேரத்தில், வெள்ளை விளக்கைக் கூட்டி வைத்து எடுப்பேன். பார்க்கச் சுமாராகத்தான் இருக்கும். ஆனால் என் தொட்டியைக் காப்பாற்றியது அந்தச் சுமாரான படங்கள்தான். ஒருமுறை, அக்ரோபோரா பவளத்தின் அடித்தண்டில் நகக்கண் அளவுக்கு ஒரு வெள்ளை விளிம்பு படத்தில் தெரிந்தது. தினமும் பார்க்கிற கண்ணுக்கு அது படவே இல்லை. முந்தைய வாரப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதில் அந்த விளிம்பு இல்லை. உடனே தண்ணீரைச் சோதித்தேன். ஆல்கலினிட்டி, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட் வகை உப்புகளின் அளவு, 8.4 டி.கே.எச். (அதை அளக்கும் அலகு) இருக்க வேண்டியது 6.2-க்கு இறங்கியிருந்தது. பவளங்கள் வளர வளர, தங்கள் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டுவதற்காகத் தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் அதிகமாக இழுக்கும். நானோ அவற்றை ஈடுகட்டும் கரைசலை ஆறு மாதத்துக்கு முந்தைய அளவிலேயே ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரே நாளில் ஏற்றாமல் நான்கைந்து நாட்களில் மெல்ல மெல்ல ஏற்றினேன். விளிம்பு அதற்கு மேல் ஏறவில்லை.

உள்ளபடி படம் எடுக்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். கண்ணாடியின் உட்புறப் பாசியைக் காந்தத் துடைப்பானால் வழித்துவிட வேண்டும். அறை விளக்குகளை அணைத்துவிட்டால் நம் சட்டையின் பிம்பம் கண்ணாடியில் விழாது. லென்ஸ் கண்ணாடிக்கு நேர்க்குத்தாக இருக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் கனத்த கண்ணாடியும் தண்ணீரும் ஒளியை வளைத்து, ஓரங்களைக் கலங்கலாக்கிவிடும். ஒயிட் பேலன்ஸை, அதாவது விளக்கின் நிறத்துக்கு ஏற்பக் கேமரா வண்ணத்தைச் சரிசெய்யும் அமைப்பை, தானியங்கியில் விடக் கூடாது. பல கேமராக்களில் கையால் வைத்தாலும் அது 10,000 கெல்வினோடு நின்றுவிடும் (கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைச் சொல்லும் அலகு; விளக்கில் அந்த எண் கூடக் கூட நீலம் கூடும்). தொட்டி விளக்குகளோ பெரும்பாலும் அதைத் தாண்டி 14,000, 20,000 என்று போகும். அதனால்தான் ரா ஃபைலாக, அதாவது கேமரா திருத்தாத மூலக் கோப்பாக எடுத்து, தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தபடியே நிறத்தைக் கண்ணுக்குப் பொருந்துமாறு திருத்துகிறேன். கைப்பேசிக்கு மேல் மாட்டுகிற ஆரஞ்சு வடிகட்டி நீலத்தைக் குறைக்கும். ஆனால் தனி நீல விளக்கில் அதைப் போட்டால் ஒளிர்வு மட்டுமே மிஞ்சும். மறுபடியும் அதே பொய் நிறம்தான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். பவளத்தின் பாலிப்கள், அதாவது பூப்போல் விரியும் சின்னச் சின்ன உயிர்கள், ஆடாமல் இருக்க, நீரோட்டப் பம்புகளை நிறுத்திவிட்டுப் படம் எடுப்பது வழக்கம். அப்படி நிறுத்திய ஒரு ராத்திரி, படங்களைப் பார்க்கும் ஆசையில் மறந்தே போய்விட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், கோமாளி மீன் இரண்டும் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பம்பைப் போட்ட பிறகு அவை கீழே இறங்குகிற வரைக்கும் தொட்டியை விட்டு நகரவில்லை. அன்றிலிருந்து, பம்பில் கை வைக்கும் முன்னால் கைப்பேசியில் 10 நிமிட அலாரம் வைத்துவிடுகிறேன்.

கட்டுரையில் ஒரு திருத்தமும் தேவை. ஆவியாகிக் குறைகிற தண்ணீருக்கு ஈடாக உப்புத் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கிறது. தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அப்படியே தங்கிவிடும். ஆகவே ஈடு செய்ய வேண்டியது உப்பில்லாத சுத்திகரித்த தண்ணீரால்தான். கட்டுரையில் சொன்னபடி ஊற்றிக்கொண்டே போனால், ஆயிரத்துக்கு 35 பங்கு இருக்க வேண்டிய உப்பு வாரத்துக்கு வாரம் ஏறி, பவளம் சுருங்கத் தொடங்கும். புதிதாகத் தொட்டி வைத்தவர்கள் படித்துவிட்டு அப்படியே செய்வார்கள். அடுத்த இதழிலேயே திருத்தம் போட்டுவிடுங்கள்.

இத்துடன் இரண்டு படங்கள் அனுப்பியிருக்கிறேன். ஒரே பவளம், ஒரே ராத்திரி, ஐந்து நிமிட இடைவெளி. ஒன்று வெள்ளை விளக்கில், மற்றது நீல விளக்கில் எடுத்தது. இடம் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, எது எந்த வெளிச்சம் என்று கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள். இனி வரும் தொட்டிப் படங்களுக்கும் அந்த ஒரு வரியைச் சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்