அந்தக் கல்லை வேக வைக்காதே

மக்களே,

நேற்று நீ அனுப்பிய வீடியோவை நானும் அப்பாவும் நாலு தடவை பார்த்தோம். தொட்டி அழகாகத்தான் இருக்கிறது. நீல வெளிச்சம், பின்னால் மோட்டார் விடும் குமிழி, நடுவில் சிறகை விரித்துக்கொண்டு அந்த வரிவரிச் சிங்கமீன். பாப்பா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாதான் சிரிக்கவில்லை. "காசு குடுத்தா இவன் முள்ளை வாங்கி வச்சிருக்கான்?" என்று கேட்டுவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

போனில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே லேப்டாப்பைத் தட்டுவாய், அந்தச் சத்தம் எனக்கு இங்கே கேட்கும். அதனால்தான் எழுதுகிறேன். மற்றதைப் பிறகு படித்தாலும் சரி, இதை மட்டும் இப்போதே படி. வீடியோவின் கடைசியில், "இந்தக் கல்லுல பொத்தான் பொத்தானா ஏதோ படருது, ஞாயித்துக்கிழமை எடுத்து வெந்நீர்ல போட்டுக் கொதிக்க வச்சுத் தேய்ச்சிடுவேன்" என்றாயே, அதைச் செய்யாதே. (ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் கல் கழுவப் போகிறாயாக்கும்.) வெந்நீர் ஊற்றாதே, பிரஷ் போட்டுத் தேய்க்காதே, மைக்ரோவேவில் வைக்காதே. கல் தண்ணீருக்குள்ளேயே கிடக்கட்டும்.

ஏன் என்று சொல்லக் கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும்.

நம் கரையில் நர்சு வேலைக்கு வருகிற பெண்ணுக்கு முதலில் தெரியவேண்டிய மருந்தே வெந்நீர்தான். நைட் டூட்டி முடிகிற நேரம், வள்ளம் கரைக்கு வந்ததும் ஒருவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வருவார்கள். கெளுத்தி குத்தியிருக்கும். முதுகில் ஒரு முள், இரண்டு பக்கச் சிறகிலும் ஒவ்வொன்று, ஆக மூன்று. வலையிலிருந்து கழற்றும்போது துள்ளி உள்ளங்கையில் ஏற்றிவிடும். ஆழ்கடலில் நாலு நாள் தூங்காமல் கிடந்து வருகிற ஆள், பச்சைப் பிள்ளை மாதிரி அழுவார். திருக்கை முள் என்றால் இன்னும் மோசம். ஓரங்களில் ரம்பம் போல் பல் இருப்பதால் உள்ளே போகும்போது கிழிக்கும், வெளியே வரும்போதும் கிழிக்கும். சில நேரம் ஒடிந்து உள்ளேயே தங்கிவிடும், எக்ஸ்ரே எடுத்துத்தான் பார்க்கவேண்டும்.

எல்லோருக்கும் முதல் வைத்தியம் ஒன்றுதான். குத்திய இடத்தை வெந்நீரில் முக்கி வைப்பது. மீன் முள்ளில் இருக்கும் நஞ்சு பெரும்பாலும் புரதம். முட்டையின் வெள்ளை ஒருமுறை வெந்துவிட்டால் திரும்பப் பச்சையாகுமா? அதுபோல அந்த நஞ்சும் சூட்டில் கெட்டுப்போகும். தாங்கக்கூடிய சூடு, 45 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம், தண்ணீர் ஆற ஆறச் சூடு தண்ணீர் சேர்த்துக்கொண்டே இருக்கவேண்டும். பத்து நிமிடத்தில் அவர் முகம் மாறுவதைப் பார்க்கலாம். அழுதவர், "சிஸ்டர், ஒரு சாயா கிடைக்குமா?" என்பார்.

இதில் நான் செய்த ஒரு தப்பை உன்னிடம் சொன்னதே இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிது. திருக்கை குத்திய ஒருவருடைய பாதத்தை, அவர் கத்திய கத்தலில் பயந்துபோய், அடுப்பிலிருந்து இறக்கிய தண்ணீரில் அப்படியே வைத்துவிட்டேன். குத்துவலி அவ்வளவு இருக்கும்போது சூடு உறைக்காது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. வலி குறைந்தது, தோல் கொப்பளித்துவிட்டது. முள் குத்தியது ஒரு வாரத்தில் ஆறியது, நான் வைத்த புண் ஒரு மாதம் இருந்தது. அதற்குப் பிறகு என் முழங்கையை விட்டுப் பார்க்காமல் யார் கையையும் காலையும் தண்ணீரில் வைத்ததில்லை. உனக்கோ மருமகளுக்கோ குத்தினால், குத்தாத ஆள் கை விட்டுப் பார்க்கவேண்டும். குத்திய கையை நம்பாதே.

இனி உன் சிங்கமீனுக்கு வருகிறேன். அதை நீ செல்லம் என்கிறாய், கிட்டே போனால் இரை கேட்டு வருகிறது என்கிறாய். வரும்தான். ஆனால் அதன் முதுகில் 13 முள், அடிவயிற்றுச் சிறகில் 2, வாலுக்கு முன்னால் அடியில் 3, மொத்தம் 18 நஞ்சு முள். ஒவ்வொரு முள்ளிலும் நீளமாக இரண்டு வாய்க்கால், அவற்றில் நஞ்சு, மேலே மெல்லிய தோல் உறை. நம் தோலில் அழுந்தியதும் உறை விலகி நஞ்சு இறங்கும். அது துரத்தி வந்து குத்துகிற மீன் இல்லை. நீ பாசி வழிக்கிறேன் என்று கையை விட்டு அதை மூலைக்குத் தள்ளினால் தலையைத் தாழ்த்தி முதுகைக் காட்டும். அப்போதுதான் வினை. தொட்டி வைத்திருப்பவர்களுக்குக் குத்து விழுவது பெரும்பாலும் தொட்டி கழுவும்போதும் மீனை இடம் மாற்றும்போதும்தான். செத்து மிதக்கிறது என்று கையால் எடுத்தும் குத்து வாங்குவார்கள். செத்த மீனின் முள்ளிலும் நஞ்சு இருக்கும்.

உயிர் போவது மிக அரிது, உன்னைப் பயமுறுத்தவில்லை. ஆனால் வலி மணிக்கணக்கில் இருக்கும். கை வீங்கும், சிலருக்கு வாந்தி, தலைசுற்றல், மூச்சு முட்டல் வரும். பாப்பாவுக்கு மூன்று வயது. அந்தப் பிஞ்சு உடம்பில் அதே அளவு நஞ்சு இறங்கினால் எப்படியிருக்கும் என்று நீயே யோசி. தொட்டிக்கு மூடி போட்டுப் பூட்டு. பக்கத்தில் கிடக்கும் அந்த ஸ்டூலை எடுத்துவிடு. வீடியோவில் முதலில் என் கண்ணில் பட்டதே அந்த ஸ்டூல்தான்.

அப்புறம், "ஆஸ்பத்திரி பக்கத்துலதான் இருக்கு, ஊசி போட்டுக்கலாம்" என்று நினைக்காதே. நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து பாம்புக்கானது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நாலு பாம்புக்கு. மீனுக்கு அது வேலை செய்யாது. மீனுக்கென்று இருப்பது கல்மீன் என்ற இன்னொரு மீனின் நஞ்சுக்கு ஆஸ்திரேலியாவில் செய்யும் மருந்து. சிங்கமீனுக்கு என்று தனி மருந்து இல்லை. வெந்நீர், வலிக்கு மருந்து, டெட்டனஸ் தடுப்பூசி, முள் உள்ளே தங்கியிருக்கிறதா என்று பார்ப்பது, இவ்வளவுதான். மூச்சு முட்டினாலோ மயக்கம் வந்தாலோ வெந்நீர் வைத்துக்கொண்டு உட்காராதே, 108-ஐக் கூப்பிடு.

சரி, கல்.

வீடியோவை உன் சித்தி மகனிடம் காட்டினேன். கடல் உயிரியல் படிக்கிறான் அல்லவா, பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "பெரியம்மா, அண்ணன் இதைத் தொட்டாச்சா?" என்றுதான் கேட்டான். அந்தப் பொத்தான்கள் பாசி இல்லையாம். பவளத்துக்குச் சொந்தக்கார உயிராம், சோவாந்திட் என்கிறான். கடையில் வாங்கும் கல்லோடு ஒட்டிக்கொண்டு வரும், பிறகு படரும். எல்லாமே கெட்டது இல்லை. ஆனால் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது, கண்ணால் பார்த்து எது என்று சொல்லமுடியாது என்கிறான். நான் நர்சு, கேட்டதும் விடுவேனா? உட்காரவைத்து முழுதும் கேட்டேன்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்பு உண்டு. இது எனக்கே தெரியும், நர்சிங் படிக்கும்போது மனப்பாடம் செய்தது. பாலிடாக்சின் அந்தப் பம்பைப் பிடித்துத் திறந்த மடையாக்கிவிடுகிறது. உள்ளே இருப்பது வெளியே, வெளியே இருப்பது உள்ளே. தசை, இதயம், மூச்சு எல்லாம் தடுமாறும். ஹவாய்த் தீவுகளில் ஹானா என்ற ஊர்ப் பக்கம் ஒரு பாறைக் குட்டையில் வளர்ந்ததை எடுத்து அந்தக் காலத்தில் ஈட்டி முனையில் தடவுவார்களாம். அங்கே கிடைத்த உயிரிலிருந்துதான் 1971-இல் இந்த நஞ்சைப் பிரித்தெடுத்தார்கள்.

நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். மீன் முள்ளின் நஞ்சு சூட்டில் கெடும். இது கெடாது. கொதிக்க வைத்தால் நஞ்சு ஆவியோடு கிளம்பி வீடு முழுக்கப் பரவும். நீ கொதிக்கவைப்பது சமையலறையில், அங்கே மருமகள், ஹாலில் பாப்பா, ஏசிக்காக எல்லா ஜன்னலும் மூடியிருக்கும். கதவு தாண்டி இருப்பவர்களுக்கும் காய்ச்சல், இருமல், மூச்சிரைப்பு, வாயில் இரும்புக் கசப்பு, உடம்பு முறுக்கும் வலி என்று வரும். சாதாரணச் சளிக்காய்ச்சல் மாதிரித்தான் தொடங்கும், டாக்டருக்கும் தொட்டி ஞாபகம் வராது. தேய்த்தால் தெறிக்கும். கண்ணில் பட்டால் கண் போகலாம். விரலில் சின்னக் கீறல் இருந்தால் அதுவே போதும். முறிவு மருந்து கிடையாது. 2018-இல் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஒரு வீட்டில் இப்படித் தொட்டிக் கல்லைச் சுத்தம் செய்யப்போய் குடும்பம் முழுக்க ஆஸ்பத்திரிக்குப் போனது. உதவிக்கு வந்த மீட்புப் பணியாளர்களுக்கும் அதே கதி.

யோசித்துப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. நீ வெந்நீரை எங்கே கற்றுக்கொண்டாய்? என்னிடம்தானே? மீன் குத்தினால் வெந்நீர், முள் தைத்தால் வெந்நீர், பாத்திரம் வாடை அடித்தால் வெந்நீர். இருபத்தாறு வருட சர்வீஸில் நான் கையில் எடுத்த நம்பிக்கையான பொருளையே நீ அந்தக் கல்லில் ஊற்றப் பார்த்தாய்.

கல்லை என்ன செய்வது என்று கேட்பாய். வெளியே எடுத்துக் காயவைக்காதே. நல்ல கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, பாப்பாவையும் மருமகளையும் வெளியே அனுப்பிவிட்டு, தண்ணீரோடு தண்ணீராக மூடியுள்ள வாளிக்கு மாற்றி வாங்கிய இடத்திலேயே கொடுத்துவிடு. என்ன இருக்கிறது என்று சொல்லிக் கொடு. அப்படியே அந்தக் கல் எங்கிருந்து வந்தது என்றும் கேள். மன்னார் வளைகுடாவில் பெயர்த்ததாக இருந்தால் அது வேறு வம்பு. நம் நாட்டில் பவளத்தை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாத்திருக்கிறார்கள், வைத்திருப்பதே குற்றம். விற்றவர் முள்ளைப் பற்றியும் சொல்லவில்லை, கல்லைப் பற்றியும் சொல்லவில்லை என்றாய். விற்கிற வாய் எங்கே சொல்லும்?

உனக்கு ஐந்து வயதில் முட்டம் பாறையில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? அழகான பூப்போட்ட சங்கு ஒன்றை எடுத்து டவுசர் பையில் போட்டுக்கொண்டு வந்தாய். அப்பா பார்த்துவிட்டு உன்னை அசையாமல் நிற்கச் சொல்லி, டவுசரையே கழற்றிக் கடலில் எறிந்தார். நீ அழுதாய், நான் அவரைத் திட்டினேன். உயிரோடு இருக்கும் கூம்புச் சங்கு அது. ஊசி மாதிரி ஒரு பல்லை நீட்டி எறியும், துணியையும் துளைக்கும். பெரிய இனங்கள் ஆளையே கொன்றிருக்கின்றன, அதற்கும் முறிவு மருந்து இல்லை. அன்றைக்கு அந்தச் சங்கு எந்த இனம் என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அப்பா நின்றதும் இல்லை. நாளைக்கு யாராவது உன்னிடம் சங்கு, நீல வளையம் போட்ட குட்டிப் பேய்க்கணவாய் என்று ஆசை காட்டினால் இதை நினைத்துக்கொள். அந்தக் கணவாயில் இருப்பது நம் பேத்தை மீனில் இருக்கும் அதே நஞ்சு. கடித்தது கூடத் தெரியாது, கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றுவிடும்.

மீன் வளர்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நீ நம் ஊர்க் கடலைவிட்டு அறுநூறு எழுநூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு பிளாட்டில் இருக்கிறாய், ஒரு துண்டுக் கடலை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறாய். எனக்குப் புரியும். ஆனால் வேண்டாம் என்று முடிவெடுத்தால் சிங்கமீனைக் கொண்டுபோய் எந்தக் கடலிலும் விட்டுவிடாதே, அதையும் கடைக்கே கொடு. அமெரிக்காவில் தொட்டி மீனைக் கடலில் விட்ட புண்ணியவான்களால்தான் 1980-களில் புளோரிடாப் பக்கம் இது தலைகாட்டியது. இன்றைக்கு அந்தக் கடல் முழுக்கப் பரவி அங்கத்து மீன்குஞ்சுகளைத் தின்றுகொண்டிருக்கிறது.

சாளைக் கருவாடு காயவைத்திருக்கிறேன், அடுத்த வாரம் பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். மருமகளிடமும் இந்தக் கடிதத்தைக் காட்டு. அப்பா இப்போதுதான் உள்ளே வந்தார், "கல்லை எடுத்தாச்சான்னு கேளு" என்கிறார். எடுத்திருந்தால் இப்போது எங்கே இருக்கிறது, தொட்டியிலா, வாளியிலா, சிங்க்கிலா? அதை மட்டும் இன்று ராத்திரியே சொல்.

அம்மா