ஆல்புகெர்க்கியில் அடித்த ஹோம் ரன் மேலே எத்தனை பெறும்?

அன்பு மாப்ளே,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. வீடு மாறிய அலைச்சல் ஓய்ந்து ஆல்புகெர்க்கி பேஸ்பால் அணியான ஐசடோப்ஸ் ஆட்டங்களுக்கு சீசன் டிக்கெட்டே எடுத்துவிட்டாய் என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. தங்கச்சியின் முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது? பெரியவள் வேலையில் சேர்ந்த செய்தி கேட்டு இங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி. அவளுக்கு எங்கள் வாழ்த்தைச் சொல்.

இனி உன் கேள்வி. ஐசடோப்ஸில் .330 சராசரி (ஆயிரம் முயற்சிக்கு 330 ஹிட்) அடிக்கிற முதல் பேஸ்காரன் மேஜர் லீகுக்குப் போனால் நிற்பானா, அதற்கு ஆள் தயாராகும் மைனர் லீக் எண்களை நம்பலாமா என்று கேட்டிருக்கிறாய். நம்பலாம். பேஸ்பால் புள்ளிவிவர நிபுணர் பில் ஜேம்ஸ் 1985லேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். லீகையும் மைதானத்தையும் சரிக்கட்டி எடுத்துக்கொண்டால், ஒரு பேட்டரின் மைனர் லீக் கணக்கு அவனுடைய எதிர்காலத்தைச் சொல்வதில் பழைய மேஜர் லீக் கணக்குக்கு இளைத்ததில்லை என்பது அவர் முடிவு. அதற்குப் பிறகு வந்த முன்கணிப்பு முறைகள் எல்லாம் அந்த அடித்தளத்தின் மேல் கட்டியவைதான். சிக்கல் நாம் படிக்கும் வரிசையில் இருக்கிறது. ஸ்கோர்போர்டு முதலில் சராசரியைக் காட்டும், அடுத்து ஹோம் ரன், அடுத்து ஆர்.பி.ஐ. (அவன் அடியால் வந்த ரன்கள்). நீ அதைத் தலைகீழாக்கு. முதலில் வயது. பிறகு ஸ்ட்ரைக் அவுட்டும் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆவது) வாக்கும் (நாலு தப்புப் பந்து வாங்கி முதல் பேஸுக்கு நடப்பது). பிறகு எந்த மைதானம், எந்த லீக். சராசரிக்குக் கடைசியாக வா. ஆர்.பி.ஐ. பக்கம் போகவே வேண்டாம். அது முன்னால் ஆடியவர்கள் பேஸில் நின்றார்களா என்பதைத்தான் சொல்லும்.

இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். பிராண்டன் வுட் 2005ல் ரான்சோ குக்கமோங்காவுக்காக கலிஃபோர்னியா லீகில் 43 ஹோம் ரன் அடித்தான். அப்போது வயது 20. பால் கோல்ட்ஷ்மிட் அதே லீகில், 2010ல் வைசேலியாவுக்காக 35 ஹோம் ரன் அடித்தான், 161 முறை ஸ்ட்ரைக் அவுட் ஆனான். வயது 22. அந்த இடத்தில் நிறுத்தி யாரைத் தேர்ந்தெடுப்பாய் என்று கேட்டால் விவரம் தெரிந்த எவரும் வுட்டைத்தான் சொல்லியிருப்பார்கள். வயதும் அவன் பக்கம், ஹோம் ரனும் அவன் பக்கம். அணிகள் புது ஆட்களை எடுக்கும் டிராஃப்டில் அவன் முதல் சுற்றில் எடுக்கப்பட்டவன், கோல்ட்ஷ்மிட் எட்டாம் சுற்று.

அடுத்த ஆண்டைப் பார். மைனர் லீகின் படிகள் சிங்கிள்-ஏ, டபுள்-ஏ, ட்ரிபிள்-ஏ என்று ஏறும்; கலிஃபோர்னியா லீக் சிங்கிள்-ஏ, உன் ஐசடோப்ஸ் ட்ரிபிள்-ஏ. வுட் 2006ல் டபுள்-ஏவுக்கு, ஆர்கன்சா அணிக்குப் போனான். 25 ஹோம் ரன் வந்தது, ஆனால் 118 ஆட்டத்தில் 149 ஸ்ட்ரைக் அவுட். முந்தைய ஆண்டு 130 ஆட்டத்தில் 128தான். படி ஏறினதும் ஆட்டத்துக்கு ஒன்று என்பதையும் தாண்டிவிட்டது. கோல்ட்ஷ்மிட் 2011ல் டபுள்-ஏ மொபைல் அணிக்குப் போனான். 103 ஆட்டத்தில் 30 ஹோம் ரன், 92 ஸ்ட்ரைக் அவுட், 82 வாக். படி ஏறினபோது அவனுக்கு ஸ்ட்ரைக் அவுட் குறைந்தது, வாக் கூடியது. அந்த ஆகஸ்டிலேயே, ட்ரிபிள்-ஏவை எட்டிக்கூடப் பார்க்காமல், நேராக அரிஸோனா அணிக்கு ஏறினான். 2022ல் எம்.வி.பி. (லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்). வுட்டின் மேஜர் லீக் கணக்கு 272 ஆட்டம், 18 ஹோம் ரன், சராசரி .186.

ஒரு வருட எண்ணை விட, படி மாறும்போது அந்த எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது பெரிய விஷயம் மாப்ளே. அதிலும் டபுள்-ஏ வாசல்தான் உண்மையான சோதனை. கீழே சிங்கிள்-ஏவில் 95 மைல் வேகத்தில் எறிகிற பையன்கள் நிறைய. ஆனால் வளைந்து போகும் ஸ்லைடரையோ கர்வையோ நினைத்த இடத்தில் போட அவர்களுக்கு வராது. 2-0 (இரண்டு தப்புப் பந்து, ஸ்ட்ரைக் இல்லை) என்று பிட்சர் பின்தங்கினால் நேர்ப்பந்துதான் வரும் என்று பேட்டருக்குத் தெரியும், அதற்காகவே காத்திருந்து அடிப்பான். டபுள்-ஏவில் அதே 2-0ல் ஸ்லைடர் ஸ்ட்ரைக்காக விழும். அடுத்தது அதே மாதிரி கிளம்பி, பேட்டர் நிற்கிற இடத்துத் தட்டுக்கு வெளியே போய் முடியும். அதைத் துரத்தாமல் விடுகிறவனுக்குத்தான் மேலே வழி.

இதற்கு எதிர்ப்பக்க உதாரணம் ஜெஃப் பாக்வெல். 1990ல் பாஸ்டன் அமைப்பில், டபுள்-ஏ நியூ பிரிட்டனில் .333 அடித்தான். ஹோம் ரன் நாலே நாலு. மூன்றாம் பேஸ் ஆடுகிறவனுக்கு இந்த வலு போதாது என்று தோன்றும். ஆனால் அந்த மைதானம் பிட்சர்களுக்கு வாகானது. அவனிடம் டபுள்கள் (இரண்டாம் பேஸ் வரை ஓடவைக்கும் அடிகள்) 34 இருந்தன, ஸ்ட்ரைக் அவுட்டை விட வாக் அதிகம் இருந்தது. 22 வயதுப் பையன் சுவர் வரைக்கும் அடிக்கிற டபுள்கள், உடம்பு முற்றியதும் சுவரைத் தாண்டும். அந்த ஆகஸ்ட் கடைசியில் லாரி ஆண்டர்சன் என்கிற ரிலீஃப் பிட்சருக்காக அவனை ஹூஸ்டனுக்குக் கொடுத்தார்கள். ஆண்டர்சன் பாஸ்டனுக்காக 22 இன்னிங்ஸ் எறிந்தார், நன்றாகவே எறிந்தார். பாக்வெல் அடுத்த ஆண்டே சிறந்த புதுமுகம், மொத்தம் 449 ஹோம் ரன், 2017ல் ஹால் ஆஃப் ஃபேம்.

இனி உன் ஊர். ஆல்புகெர்க்கி கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,600 மீட்டர். காற்று கடல்மட்டத்தை விட ஏறக்குறைய 15 சதவீதம் லேசு. அதனால் பந்து தூரம் போகும், இது எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது, சுழலும் பந்தை வளைப்பதும் அதே காற்றுதான் என்பது. காற்று லேசானால் கர்வ் வளைவது அதே அளவுக்குக் குறையும். ஆக அங்கே பேட்டருக்கு இரட்டை லாபம்: மொக்கையான கர்வ் வரும், அடித்த பந்து பறக்கும். மைதானத்தின் ஓரத்தில் தடுக்கிற ஆட்டக்காரர்கள் பின்னால் தள்ளி நிற்க வேண்டியிருப்பதால் முன்னால் விழும் பந்துகளும் ஹிட் ஆகும்.

சரி, வெளியூர் ஆட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம் என்றால் அதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஐசடோப்ஸ் ஆடும் பசிஃபிக் கோஸ்ட் லீகில் வெளியூர் என்றால் ரீனோ, சால்ட் லேக், எல் பாஸோ, லாஸ் வேகஸ். எல்லாமே மேட்டு நிலம். 2021 முதல் ஒரு தொடர் என்றால் ஒரே ஊரில் ஆறு ஆட்டம். ஒரு பையன் ஒரு மாதத்தில் ரீனோவில் ஆறு, சால்ட் லேக்கில் ஆறு ஆடிவிட்டு வந்தால் அவனுடைய வெளியூர்க் கணக்கும் ஊதித்தான் இருக்கும். டகோமா, சாக்ரமெண்டோ, சுகர் லேண்ட் போன்ற தாழ்ந்த ஊர்களில் அவன் அடித்ததைத் தனியாக எடுத்துப் பார்.

கையாலேயே போடக்கூடிய ஒரு கணக்கு எழுதுகிறேன். எண்கள் கற்பனை, முறை மட்டும் நிஜம். ஒருவன் ஆல்புகெர்க்கிக்காக 420 தடவை தட்டுக்கு வந்தான் என்று வை. அதில் அட்-பேட் (வாக் போன்றவை போக மிச்சம்) 380, ஹிட் 126, ஹோம் ரன் 24, ஸ்ட்ரைக் அவுட் 92. சராசரி .332. 380லிருந்து 92ஐயும் 24ஐயும் கழித்தால் மைதானத்துக்குள் விழுந்த பந்து 264. அதில் ஹிட் ஆனது 102. அதாவது .386. மேஜர் லீகில் இந்த எண் சுமார் .290, .300 என்றுதான் நிற்கும். ஆக .332ல் பெரும்பங்கு அங்கிருந்து வந்தது, மேலே போகும்போது அது அவனோடு வராது.

இப்போது மாற்று. ட்ரிபிள்-ஏவில் 22 சதவீத ஸ்ட்ரைக் அவுட் என்றால் மேலே 26 என்று வைத்துக்கொள். 420க்கு 109 ஆகும். 24 ஹோம் ரனில் 16 சொந்த ஊரில், 8 வெளியே என்றால், வெளியே அடித்த 8ஐ இரண்டால் பெருக்கி 16 என்று எடு. மிச்சம் மைதானத்துக்குள் விழும் பந்து 255. அதை .300ஆல் பெருக்கினால் 77. ஹோம் ரனைக் கூட்டினால் 93 ஹிட். 380ஆல் வகுத்தால் .245. இன்றைய மேஜர் லீகின் மொத்தச் சராசரியே கிட்டத்தட்ட இதுதான். ஆக அந்த .332காரன் மேலே ஒரு நடுத்தர பேட்டர். தடுப்பாட்டம் கடினமான ஷார்ட் ஸ்டாப்பாக இருந்தால் அவனுக்கு நிரந்தர இடம் உண்டு. அடிக்காகவே ஆள் எடுக்கிற முதல் பேஸ்காரனாக இருந்தால் இடம் கிடைப்பதே கஷ்டம்.

இதற்கு மேல் வயது வந்து உட்கார வேண்டும். அவனுக்கு 26 என்றால் நாம் கண்டது ஏறத்தாழ அவனுடைய உச்சம். 21 என்றால் .245 என்பது ஆரம்பம். பின்னாளில் நட்சத்திரமான மைக் ட்ரௌட் டபுள்-ஏவில் .326 அடித்தபோது 19 வயது. எதிரே எறிந்தவர்கள் அவனை விட நாலைந்து வயது மூத்தவர்கள். அந்த .326ஐ 25 வயதுக்காரன் ஒருவன் அடித்திருந்தால் அதற்கு முழுக்க வேறு அர்த்தம். ஜோ பௌமன் 1954ல் ராஸ்வெல்லில் 72 ஹோம் ரன் அடித்தான். அது கீழ்ப்படியான கிளாஸ்-சி லீக், அவனுக்கு வயது 32. மேஜர் லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. மைக் ஹெஸ்மன் மைனர் லீகில் மொத்தம் 433 ஹோம் ரன் அடித்து அமெரிக்க மைனர் லீக் சாதனையே படைத்தான். மேலே 109 ஆட்டம், 14 ஹோம் ரன், .188. இவர்களைக் காட்டி எண்கள் பொய் சொல்கின்றன என்கிறார்கள். ஹோம் ரன் என்கிற ஒரே கட்டத்தைப் படித்தால் அப்படித்தான் தோன்றும். பக்கத்துக் கட்டங்கள் எல்லாம் உண்மையைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தன.

வாக் எண்ணிக்கையில் மட்டும் எச்சரிக்கையாக இரு. சிங்கிள்-ஏவில் பிட்சர்களுக்குக் கட்டுப்பாடு கிடையாது. பேசாமல் நிற்கிறவனுக்கே வாக் கிடைத்துவிடும். அங்கே வாக்கை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவே மாட்டேன். ட்ரிபிள்-ஏவில் வேறு கோளாறு. 2023ல் எல்லா மைதானங்களிலும் இயந்திரம் தீர்மானிக்கும் ஸ்ட்ரைக் ஜோன் (பந்து ஸ்ட்ரைக்காக எண்ணப்படும் கட்டம்) வந்தது, ஜோன் சுருங்கியது, வாக் எகிறியது. 2024 ஜூன் கடைசியில்தான் முழுக்க சேலஞ்ச் முறைக்கு (நடுவர் சொன்னதை ஆட்டக்காரர் எதிர்த்தால் மட்டும் இயந்திரம் பார்ப்பது) மாறினார்கள். அந்த ஒன்றரை சீசன் வாக்கை அப்படியே மேலே கொண்டுபோனால் ஏமாறுவோம். பந்தும் மாறியிருக்கிறது. 2019ல் ட்ரிபிள்-ஏ மேஜர் லீக் பந்துக்கு மாறினபோது ஹோம் ரன் ஒரே வருடத்தில் பாதிக்கு மேல் கூடிவிட்டது. 2018ன் 20 ஹோம் ரனும் 2019ன் 20 ஹோம் ரனும் ஒரே சரக்கு கிடையாது.

உனக்குப் புதிதாகக் கிடைத்திருக்கும் நல்ல கருவி, பந்து மட்டையை விட்டுக் கிளம்பும் வேகம். 2023 முதல் ட்ரிபிள்-ஏ ஆட்டங்களுக்கு இது பொதுவில் கிடைக்கிறது. உயரம் பந்து போகும் தூரத்தை மாற்றுமே தவிர, மட்டையில் பட்டுக் கிளம்பும் வேகத்தை மாற்றாது. ஆல்புகெர்க்கிக்கு இதை விடப் பொருத்தமான அளவு இல்லை. 110 மைலைத் தொடுகிற அடிகள் அவனிடம் இருக்கின்றனவா, ஸ்ட்ரைக் ஜோனுக்குள் வந்த பந்தை எத்தனை தடவை தவறவிடுகிறான், இந்த இரண்டையும் பார்த்துவிடு.

எத்தனை ஆட்டம் பார்த்தால் போதும் என்றும் கேட்டிருந்தாய். ஸ்ட்ரைக் அவுட் விகிதம் 60 தடவை தட்டுக்கு வந்தாலே ஓரளவு நிலைக்கு வரும், வாக்குக்கு 120. உள்ளே விழுந்த பந்தில் ஹிட் விகிதம் நிலைக்க 800 பந்துக்கு மேல் வேண்டும். அது ஒரு மைனர் லீக் சீசனில் கிடைக்கவே கிடைக்காது. டஸ்டின் பெட்ரோயா 2006ல் மேலே வந்து 31 ஆட்டத்தில் .191 அடித்தபோது ஆள் சின்ன உருவம், வேகப்பந்துக்குத் தாங்கமாட்டான் என்றார்கள். அதே ஆண்டு ட்ரிபிள்-ஏ பாட்டக்கெட்டில் 111 ஆட்டத்தில் அவனுக்கு 27 ஸ்ட்ரைக் அவுட்தான். 111 ஆட்டத்தின் 27ஐ நம்புவதா, 31 ஆட்டத்தின் .191ஐ நம்புவதா? அடுத்த ஆண்டு .317, சிறந்த புதுமுகம். 2008ல் எம்.வி.பி.

பிட்சர்களைப் பற்றி நீ கேட்கவில்லை, இருந்தாலும் ஒரு வார்த்தை. இ.ஆர்.ஏ.வைப் (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த சராசரி ரன்) பார்க்காதே. மைனர் லீக் மைதானம் மேடுபள்ளம், தடுப்பாட்டம் சுமார். இன்று சேஞ்சப்பை (வேகத்தைக் குறைத்து ஏமாற்றும் பந்து) இத்தனை தடவை எறிந்தே ஆகவேண்டும் என்று அணியே சொல்லி அனுப்பும் நாட்களும் உண்டு, அன்றைக்கு ரன் போனாலும் யாரும் கவலைப்படமாட்டார்கள். ஸ்ட்ரைக் அவுட் சதவீதத்திலிருந்து வாக் சதவீதத்தைக் கழித்தால் வருவதுதான் நம்பத்தக்க எண். அதிலும் வேகமில்லாத, நல்ல சேஞ்சப் உள்ள பிட்சர் சிங்கிள்-ஏ பையன்களைச் சுருட்டிவிடுவான். டபுள்-ஏவில் என்ன செய்கிறான் என்று பார்த்த பிறகு பேசு. ரான் நெச்சாய் 1952ல் அடிமட்டமான கிளாஸ்-டி லீகில் ஒரே ஆட்டத்தில் 27 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தான். அதே வருடம் பிட்ஸ்பர்க்குக்கு வந்து 1 வெற்றி, 6 தோல்வி, இ.ஆர்.ஏ. 7.08. பிட்சர்களைப் பொறுத்தவரை தோளும் முழங்கையும் எந்த எண்ணிலும் தெரியாது என்பதையும் சேர்த்துக்கொள்.

கடைசியாக ஒன்று. மேலே போனவர்களின் முன்பின் எண்களை ஒப்பிட்டுத்தான் இந்த மாற்றுக் கணக்குகளைச் செய்கிறார்கள். ஆனால் அணிகள் ஒருவனை மேலே கூப்பிடுவது அவன் கொடி கட்டிப் பறக்கும் வாரத்தில்தான். அந்தச் சூடு எப்படியும் ஆறியிருக்கும். அதனால் மேலே போனதும் தெரிகிற சரிவில் ஒரு பங்கு லீகின் கடினம், ஒரு பங்கு இயல்பாகவே இறங்கியிருக்க வேண்டியது. ஒரு சீசனை மட்டும் வைத்துக் கணக்குப் போடாமல் இரண்டு மூன்று சீசனைச் சேர்த்து, புதியதற்குக் கொஞ்சம் கூடுதல் எடை கொடுத்துப் போட்டால் இந்தப் பிழை குறையும்.

உன் முதல் பேஸ்காரனின் வயதையும், சீசன் தொடக்கத்திலிருந்து ஸ்ட்ரைக் அவுட், வாக் எண்ணிக்கையையும் எழுதி அனுப்பு. ஐசடோப்ஸ் அடுத்து டகோமாவுக்குப் போகும்போது அந்த ஆறு ஆட்டத்தைத் தவறாமல் பார். கடல்மட்டம், இரவில் குளிர்ந்த கனமான காற்று. அங்கே அவன் அடித்த பந்துகளின் வேகத்தையும், எந்த ஸ்லைடரைத் துரத்தினான், எதை விட்டான் என்பதையும் குறித்து வை. கையில் வந்ததும் உட்கார்ந்து போட்டுப் பார்க்கலாம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்