வேகம் குறைந்ததற்காகக் கணக்கை ஒப்படைக்கலாமா?

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. கண்புரை அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. இங்கே அனைவரும் நலம். பேத்தி கல்லூரியில் சேர்ந்துவிட்டாள்.

ஏடிஎம்மில் பின்னால் நின்றவர் அவசரப்படுத்தியதால் தடுமாறிவிட்டதாகவும், ஓடிபி எண்ணைப் பார்த்துப் பதிவதற்குள் நேரம் கடந்துவிடுவதாகவும், அதனால் வங்கி வேலை முழுவதையும் மகனிடம் விட்டுவிடப் போவதாகவும் எழுதியிருந்தாய். கொஞ்சம் பொறு. குறைந்திருப்பது உன் வேகம்தான். கணக்கறிவு அப்படியே இருக்கிறது என்பதற்கு நீ எழுதிய வைப்புநிதி வட்டி விவரமே சாட்சி.

வயது ஏற ஏற மூளையின் செயல்வேகம் தளர்வது இயல்பு. அமெரிக்க உளவியலாளர் திமதி சால்ட்ஹவுஸ் 1996இல் எழுதியபடி, மனம் மெதுவாக இயங்கும்போது, ஒரு வேலையின் பின்படியை முடிப்பதற்குள் முன்படியில் கிடைத்தது மனத்திலிருந்து நழுவிவிடுகிறது. ஆகவே, நாம் மறதி என்று அஞ்சுவதில் ஒரு பங்கு வெறும் மந்தமே.

முதியோருக்கு மூளைப் பயிற்சி பலன் தருமா என்று பார்க்க அமெரிக்காவில் 1998இல் தொடங்கிய 'ஆக்டிவ்' ஆய்வில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 2,800 பேருக்கு மேல் பங்கேற்றனர். வேகப் பயிற்சிக் குழுவினருக்குத் திரையின் நடுவில் ஒரு வாகனமும் ஓரத்தில் இன்னொன்றும் கணநேரம் தோன்றி மறையும். நடுவில் வந்தது எது, ஓரத்தில் வந்தது எங்கே என்று இரண்டையும் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லச் சொல்ல, தோன்றும் நேரமும் சுருங்கும். அன்றாடத் திறனையோ, சில்லறை எண்ணுவது, மருந்துப் புட்டியின் குறிப்பைப் படிப்பது போன்ற வேலைகளைக் கடிகாரம் வைத்துச் செய்யச் சொல்லி அளந்தார்கள். 2014இல் வெளியான பத்தாண்டு முடிவில், பயிற்சி பெற்றவர்கள் அன்றாட வேலைகளில் தங்களுக்குச் சிரமம் குறைவு என்றார்கள். ஆனால் அது அவர்களே சொன்னது. செய்துகாட்டும் சோதனைகளில் அந்த வேறுபாடு தெரியவில்லை. ஆகவே 'மூளைப் பயிற்சி' செயலிக்குச் சந்தா கட்ட நான் அவசரப்பட மாட்டேன்.

வேலையை விடுவதைவிட, அதற்குரிய நேரத்தைக் கூட்டிக்கொள்வது மேல். கூட்டமில்லாத வேளையில் வங்கிக் கிளைக்கே போ. மகன் பக்கத்தில் இருக்கட்டும், பொத்தானை நீயே அழுத்து. அவசரப்படுத்தும் தொலைபேசி அழைப்பு எதுவானாலும் வைத்துவிடு. மோசடிக்காரர்களின் மூலதனமே அந்த அவசரம்தான்.

இன்னொன்று. இந்த மந்தம் சில மாதங்களில் சட்டென்று வந்ததாக எழுதியிருக்கிறாய். தூக்க மாத்திரை, தைராய்டு, பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் அப்படி ஆகலாம். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது உன் மாத்திரைகள் அனைத்தையும் எடுத்துச் சென்று காட்டு. அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
ராமநாதன்