ஜார்ஜியாவின் மூன்று கவர்னர்கள்: கட்டுரையில் விடுபட்ட ஐந்து மாதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1947 ஜனவரியில் ஒரே நேரத்தில் மூன்று பேர் (எல்லிஸ் ஆர்னால், ஹெர்மன் டால்மட்ஜ், துணை கவர்னர் தாம்சன்) 'நான்தான் கவர்னர்' என்று நின்ற கூத்தைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஹெர்மன் ஆட்கள் கவர்னர் அலுவலகப் பூட்டை மாற்றியது, பதவியில் இருந்த எல்லிஸ் ஆர்னால் தலைமைச் செயலக மண்டபத்தில் தகவல் மேஜையில் போய் உட்கார்ந்து ஆட்சி நடத்தப் பார்த்தது, எல்லாம் சுவையாகவே இருந்தன. ஆனால் கட்டுரை, கவர்னராகத் தேர்வாகிப் பதவியேற்கும் முன்பே இறந்த ஹெர்மனின் அப்பா யூஜீன் டால்மட்ஜின் சாவில் தொடங்குகிறது. என் மனத்தாங்கல் அங்கேதான். அவர் இறந்தது 1946 டிசம்பர் 21. அதற்கு ஐந்து மாதம் முன்பே, ஜூலை 17 அன்று, பெரிய அநியாயம் சட்டப்படியே நடந்து முடிந்திருந்தது.

அங்கே கவர்னர் என்றால் நியமனத்தில் வருபவர் அல்ல, ஓட்டு வாங்கி ஆட்சிக்கு வருபவர். அன்றைய ஜார்ஜியாவில் ஜனநாயகக் கட்சியை விட்டால் வேறு கட்சிக்கு வழியில்லை. ஆகவே அதன் உட்கட்சித் தேர்தல்தான் உண்மையான தேர்தல், நவம்பரில் நடப்பது சடங்கு. ஜூலையில் ஜேம்ஸ் கார்மைக்கேல் வாங்கியது 3,13,389 ஓட்டு, யூஜீன் டால்மட்ஜ் 2,97,245. ஜெயித்தது டால்மட்ஜ்.

எப்படி? மாநிலத்தில் 159 கவுண்டிகள் (ஏறக்குறைய நம் தாலுகா மாதிரி). பெரியவை எட்டுக்குத் தலா 6 யூனிட், அடுத்த முப்பதுக்கு 4, மீதி 121-க்குத் தலா 2. ஒரு கவுண்டியில் முதலிடம் வந்தவருக்கே அதன் யூனிட் முழுவதும். மொத்த ஓட்டு அல்ல, இந்த யூனிட்களின் கூட்டுத்தொகைதான் வெற்றியைத் தீர்மானிக்கும். 1960 கணக்கைப் பாருங்கள்: அட்லாண்டா நகரம் இருக்கும் ஃபுல்டன் கவுண்டியில் 5,56,326 பேர், அதற்கு 6 யூனிட். எக்கோல்ஸ் கவுண்டியில் 1,876 பேர், அதற்கு 2 யூனிட். எக்கோல்ஸ்காரர் ஒருவரின் ஓட்டுக்கு அட்லாண்டாக்காரர் ஓட்டைப்போல 99 மடங்கு எடை! டிராம் ஓடும் கவுண்டி எதிலும் தனக்கு ஜெயிக்க வேண்டிய அவசியமில்லை என்று டால்மட்ஜ் பீற்றிக்கொண்டதில் வியப்பில்லை. அந்த ஜூலையில் அவருக்கு 242 யூனிட், கார்மைக்கேலுக்கு 146.

அந்தத் தேர்தலுக்கு இன்னொரு முகமும் உண்டு. கொலம்பஸ் நகரத்து முடிதிருத்துநர் பிரைமஸ் கிங் தொடுத்த வழக்கால், கறுப்பின மக்களுக்கு உட்கட்சித் தேர்தலின் கதவு அப்போதுதான் திறந்திருந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெயர் பதிந்துகொண்டார்கள். டால்மட்ஜ் ஆட்கள் சும்மா இருப்பார்களா? 'இவர் ஓட்டுப்போடத் தகுதியற்றவர்' என்று ஆட்சேபம் சொல்லும் படிவங்களை முன்கூட்டியே தயாராக அடித்து கவுண்டி கவுண்டியாக அனுப்பினார்கள். ஆயிரக்கணக்கில் பெயர்கள் நீக்கப்பட்டன. டெய்லர் கவுண்டியில் மேசியோ ஸ்னைப்ஸ் என்ற முன்னாள் ராணுவ வீரர் துணிந்து ஓட்டுப் போட்டார். மறுநாளே சுட்டார்கள், பிழைக்கவில்லை. உங்கள் கட்டுரையில் இவர் பெயர் ஒரு வரியிலாவது வந்திருக்க வேண்டும்.

இனி அந்தப் பிரபலமான 58 ஓட்டு. டால்மட்ஜ் உடல்நலமில்லாதவர் என்பது தெரிந்து, அவருடைய ஆட்கள் நவம்பரில் மகன் ஹெர்மன் பெயரைக் கையால் எழுதிப் போட வைத்தார்கள். அப்பா இறந்ததும், அடுத்தபடி அதிக ஓட்டு வாங்கிய இருவரில் ஒருவரைச் சட்டமன்றம் தேர்ந்தெடுக்கலாம் என்று வாதம். எண்ணினால் கார்மைக்கேல் 669, குடியரசுக் கட்சிக்காரர் ஒருவர் 637, ஹெர்மன் 617. மூன்றாமிடம்! அப்புறம் சொந்த ஊரான டெல்ஃபேர் கவுண்டியிலிருந்து 58 ஓட்டு 'கிடைத்தது', ஹெர்மன் 675. சட்டமன்றமும் அவரையே கவர்னராகத் தேர்ந்தெடுத்தது. அட்லாண்டா ஜர்னல் நிருபர் ஜார்ஜ் குட்வின் போய்ப் பார்த்தால், ஓட்டுப் போட்டவர்கள் அகரவரிசையில் வந்து போட்டிருக்கிறார்கள், அதில் செத்தவர்களும் இருக்கிறார்கள். அந்தச் செய்திக்கு 1948-இல் புலிட்சர் பரிசு.

இந்தக் கள்ள ஓட்டைப் பார்த்து ஊரே சிரித்தது, நாமும் சிரிக்கிறோம். சரி. ஆனால் கார்மைக்கேலுக்குக் கூடுதலாக விழுந்த 16,144 ஓட்டு உயிரோடிருந்தவர்கள் போட்டது. அது செல்லாமல் போனதற்கு யாரும் பரிசு வாங்கவில்லை.

ஆர்னாலைப் பதவி ஆசை பிடித்தவர்போலக் காட்டியிருப்பதும் சரியல்ல. 1943-இல் 18 வயதுக்கு ஓட்டுரிமை, 1945-இல் ஓட்டு வரி (ஓட்டுப்போடக் கட்ட வேண்டியிருந்த வரி) ஒழிப்பு, இரண்டும் அவர் காலத்தில் வந்தவை. நாற்காலியை ஹெர்மனுக்கு விடமாட்டேன் என்றாரே தவிர, துணை கவர்னர் தாம்சன் ஜனவரி 18-இல் பொறுப்பேற்றதும் விலகிக்கொண்டார். மாநில உச்ச நீதிமன்றமும் மார்ச் 19-இல் 5-2 என்று தாம்சன் பக்கம்தான் தீர்ப்பளித்தது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 1948 தேர்தலில் ஹெர்மன் மக்கள் ஓட்டிலும் ஜெயித்தார். யூனிட் முறை மட்டும்தான் அந்தக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது என்று சொன்னால் அது கணக்குக்கு ஒத்துவராது.

அந்த முறை ஒழிந்தது 1963-இல், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் கிரே எதிர் சாண்டர்ஸ் வழக்கில். 'ஒருவருக்கு ஒரு ஓட்டு' என்ற வாசகம் பிரபலமானதும் அந்தத் தீர்ப்பால்தான். 1947 கூத்தில் மாநில அரசு முத்திரை யார் கைக்கும் போகக்கூடாது என்று தன் சக்கர நாற்காலியின் மெத்தைக்கு அடியில் ஒளித்துவைத்த மாநிலச் செயலாளர் பென் ஃபோர்ட்சன்தான், இந்த வழக்கில் பழைய முறையின் சார்பில் நின்ற பிரதிவாதிகளில் ஒருவர். இதை வைத்தே இரண்டாம் பகுதி எழுதலாம். கட்டுரையாளரிடம் சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
தஞ்சாவூர்