அவசரச் சட்டத்தின் ஏழரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சட்டமன்றம், அரசு, நீதிமன்றம் மூன்றும் ஒன்றின் வேலையில் இன்னொன்று நுழையக் கூடாது என்னும் அதிகாரப் பிரிவினை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அந்தக் கொள்கையை எழுதிவைத்த பிரெஞ்சு அறிஞர் மாந்தெஸ்கியூவில் தொடங்கி, அரசமைப்பின் அடிப்படையை நாடாளுமன்றம்கூட மாற்ற முடியாது என்ற கேசவானந்த பாரதி வழக்குவரை நன்றாகவே சொல்லியிருந்தார் கட்டுரையாளர். ஆனால் படித்து முடித்ததும், சண்டையெல்லாம் நாடாளுமன்றத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடுவில்தான் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. நான் ஒரு மாநில அரசின் அச்சகத்தில் 30 வருடம் பிழை திருத்துபவனாக இருந்து ஓய்வுபெற்றவன். என் மேசையில் வந்து விழுந்த தாள்களைப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்: எல்லை மீறுவது பெரும்பாலும் சத்தமே இல்லாமல், ராத்திரியோடு ராத்திரியாக அச்சாகும் சிறப்பு அரசிதழில்தான் நடக்கிறது. அவை கூடாத நேரத்தில் அரசே கொண்டுவரும் அவசரச் சட்டங்களைத்தான் சொல்கிறேன்.

ஆளுநர் பிறப்பிக்கும் அவசரச் சட்டத்தின் தொடக்கம் அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கும். சட்டமன்றம் கூட்டத்தொடரில் இல்லை, உடனே நடவடிக்கை எடுக்கவேண்டிய சூழ்நிலை நிலவுவதாக ஆளுநர் மனநிறைவு கொண்டுள்ளார், ஆகவே என்று போகும். அரசமைப்புச் சட்டத்தின் 213ஆவது பிரிவிலேயே உள்ள நிபந்தனைகள் இவை. முதல்முறை அதைப் படித்தபோது ஏதோ வெள்ளமோ கலவரமோ வந்துவிட்டது என்று நினைத்தேன். பத்தாவது முறை அந்த இடத்தில் காற்புள்ளி விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். அப்புறம் பழைய அச்சுப்படியையே எடுத்து, எண்ணையும் தேதியையும் மட்டும் சிவப்பு மையில் மாற்றி அனுப்பிய நாட்களும் உண்டு. அவசரம் அதேதான், தேதிதான் புதுசு.

இந்த அதிகாரமே தப்பு என்று நான் சொல்லவில்லை. 2020 ஏப்ரலில் பொதுமுடக்கத்தின் நடுவே, மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோரைத் தண்டிக்க மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அந்த நேரத்தில் அவையைக் கூட்டு என்று யார் கேட்பார்கள்? செப்டம்பரில் நாடாளுமன்றம் கூடியதும் அது முறையான சட்டமாக நிறைவேறியது. வழி அதுதான்.

அவை மறுபடி கூடி ஆறு வாரம் முடிந்தால் அவசரச் சட்டம் தானாகவே செத்துவிடும். ஒரு கூட்டத்தொடருக்கும் அடுத்ததற்கும் இடையில் ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. இரண்டையும் கூட்டினால் அதிகபட்ச ஆயுள் ஏழரை மாதம். நாங்கள் அச்சகத்தில் இதை ‘ஏழரை’ என்றே சொல்வோம். சனிகூட ஒருநாள் விலகிவிடுகிறது, சில அவசரச் சட்டங்கள் விலகுவதில்லை.

புனேயில் உள்ள கோகலே பொருளாதார நிறுவனத்தில் டி. சி. வாத்வா என்று ஒரு பேராசிரியர் இருந்தார். வழக்கறிஞர் அல்ல, பொருளாதாரக்காரர். பீகாரின் நில உரிமை முறைகளை ஆராயப் போன இடத்தில் பழைய அரசிதழ்களைப் புரட்டியிருக்கிறார். ஒரே சட்டம் எண் மாறி, தேதி மாறித் திரும்பத் திரும்ப வருவது கண்ணில் பட்டிருக்கிறது. உட்கார்ந்து எண்ணினார். 1967 முதல் 1981 வரை 256 அவசரச் சட்டங்கள். திரும்பத் திரும்பப் பிறப்பித்தே அவற்றை ஓர் ஆண்டிலிருந்து 14 ஆண்டுவரை உயிரோடு வைத்திருந்தார்கள். கரும்பு வழங்கலையும் கொள்முதலையும் ஒழுங்குபடுத்தும் அவசரச் சட்டம் ஒன்று 13 ஆண்டு, 11 மாதம், 19 நாள் ஓடியது. அது பிறந்த நாளில் பள்ளியில் சேர்ந்த பிள்ளை கல்லூரிக்கே போயிருக்கும்.

இதில் என்னை உறுத்துவது அந்த எண்ணிக்கைகூட இல்லை, ஒரு சுற்றறிக்கை. கூட்டத்தொடர் முடிந்துவிட்டது, நடப்பில் உள்ள அவசரச் சட்டங்கள் காலாவதியாகும் முன் மறுபடி பிறப்பிக்க நடவடிக்கை எடுங்கள் என்று 1981 ஜூலையில் அந்த மாநிலத்தில் எல்லாத் துறைகளுக்கும் கடிதம் போயிருக்கிறது. வாசகங்களை மாற்றாமல் பிறப்பித்தால் அமைச்சரவை ஒப்புதல்கூட வேண்டாமாம். ஆண்டுக் கணக்கு முடிக்கச் சொல்லி வரும் சுற்றறிக்கையைப் போல அவ்வளவு சாதாரணமாக! கெட்ட எண்ணத்தோடு யாரோ சதி செய்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. குமாஸ்தா வேலையாக அது மாறிப்போனதுதான் பயமாக இருக்கிறது. நானும் அந்த மாதிரி வேலையைச் செய்தவன்தானே.

வாத்வா உச்ச நீதிமன்றம் போனார். 1986 டிசம்பரில் தலைமை நீதிபதி பகவதி உள்ளிட்ட ஐந்து நீதிபதிகள் அமர்வு, இது அரசமைப்புச் சட்டத்தின் மீது செய்யப்பட்ட மோசடி என்றது. வழக்குச் செலவாக அவருக்குப் பத்தாயிரம் ரூபாய் கொடுக்கவும் சொன்னது. சரி, அதோடு முடிந்ததா? மூன்று வருடம்கூடத் தாங்கவில்லை. அதே பீகாரில் சமஸ்கிருதப் பள்ளிகளை அரசு எடுத்துக்கொள்ள 1989இல் ஓர் அவசரச் சட்டம் வந்தது. 1992 வரை ஒன்றன்பின் ஒன்றாகப் பிறப்பித்தார்கள். ஒன்றுகூடச் சட்டமன்றத்தில் வைக்கப்படவில்லை. அப்புறம் அப்படியே காலாவதியாக விட்டுவிட்டார்கள். சம்பளம் கேட்டு ஆசிரியர்கள் நடத்திய வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பு சொன்னது 2017 ஜனவரியில். மறுபடி மறுபடி பிறப்பிப்பது மோசடி, அவையின் முன் வைப்பது கட்டாயம் என்றது. ஆனால் காலாவதியான சட்டத்தை வைத்து ஆசிரியர்கள் நிரந்தர உரிமை கோர முடியாது என்றும் சொல்லிவிட்டது. அரசின் குறுக்குவழிக்கு விலை கொடுத்தது யார் பாருங்கள்.

கட்டுரையாளர் நீதிமன்றத்தைக் காவல்காரனாக நிறுத்துகிறார். 25 வருடம் கழித்து விசில் அடிக்கும் காவல்காரனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முதல் காவல் அவை உறுப்பினர்கள். அவசரச் சட்டத்தை ஏற்க மறுத்து ஒரு தீர்மானம் நிறைவேற்றினால் போதும், ஆறு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். இதற்கு வழக்கு வேண்டாம், வக்கீல் வேண்டாம். பீகாரில் அந்த 14 வருடத்தில் தேர்தல்கள் நடந்தன, ஆட்சிகள் மாறின, அவை கூடிக் கூடிக் கலைந்தது. கடைசியில் கணக்கைக் கேட்டது புனேயிலிருந்து வந்த ஒரு பேராசிரியர்.

இன்னொன்றையும் கட்டுரை தொடவில்லை. கூட்டத்தொடரை முடித்துவைப்பவர் ஆளுநர், அமைச்சரவையின் ஆலோசனைப்படி. ‘அவை கூட்டத்தொடரில் இல்லை, ஆகவே’ என்று அவசரச் சட்டம் போடுவதும் அதே ஆளுநர், அதே அமைச்சரவையின் ஆலோசனைப்படி. கதவைச் சாத்தியவரே கதவு சாத்தியிருக்கிறதே என்று கைவிரிக்கிறார். பிரிட்டனில் 2019இல் பிரதமர் ஜான்சன் நாடாளுமன்றத்தை ஐந்து வாரம் முடக்கப் பார்த்தபோது, அங்குள்ள உச்ச நீதிமன்றத்தில் 11 நீதிபதிகள் ஒரே குரலில் செல்லாது என்றார்கள். முடக்கம் தொடங்கிய இரண்டு வாரத்திலேயே தீர்ப்பு வந்துவிட்டது என்பதால்தான் அதற்கு மதிப்பு.

அந்த நாட்டிலேயே 1610இல் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதலாம் ஜேம்ஸ் மன்னர் இரண்டு தடைகளை அறிவித்தார்: லண்டனைச் சுற்றிப் புதுக் கட்டடம் கட்டக் கூடாது, கோதுமையிலிருந்து கஞ்சிப் பசை எடுக்கக் கூடாது. அப்போது துணிகளுக்கு விறைப்பாகக் கஞ்சி போடுவது பெரிய மோகம். தானியம் வீணாகிறதே என்ற கவலையில் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் மன்னர் வெறும் அறிவிப்பால் புதுக் குற்றத்தை உண்டாக்க முடியாது என்று தலைமை நீதிபதி எட்வர்ட் கோக் சொல்லிவிட்டார். அங்கே கஞ்சிப் பசை, இங்கே கரும்பு. இந்த மாதிரிச் சின்ன விஷயங்களில்தான் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி அவசரச் சட்டம் பற்றிய செய்தி போடும்போது, அவையின் கூட்டத்தொடர் முடிந்தது என்றைக்கு, அடுத்தது கூடவேண்டிய கடைசி நாள் எது என்ற இரண்டு தேதிகளையும் அதே செய்தியில் சேர்த்துப் போடுங்கள். அதே சட்டம் முன்பும் வந்திருந்தால் அதன் பழைய எண்ணையும். எண் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்த்துவிடுங்கள், தொழில் பழக்கத்தில் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிழைதிருத்துநர் ஒருவர்